ஹெட்போனுக்கு மட்டும் சொன்னது

இருபத்திரண்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் இருந்ததில்லை. இப்போது முப்பதை நெருங்குகிறேன். தெரியாதவை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனாலும் அந்த வயதில் எனக்கிருந்த தன்னம்பிக்கையை நினைத்தால் இன்றும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்பித்தான் என் அக்காவின் கல்யாணத்தில், ஆலயம் நிறைந்த கூட்டத்தின் நடுவே, அக்காவின் மாமனாரை அவர் காதுபடவே வரிக்கு வரி விமர்சனம் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. சத்தம் போக வேண்டிய வழியில் போகாமல் வேறு வழியில் போய்விட்டது.

எங்கள் வீடு தேனி அல்லிநகரத்தில். அப்பாவுக்குக் கடைவீதியில் பெயிண்ட் கடை. அம்மா எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் தலைவி. (வீட்டிலும் அதே பதவிதான், தேர்தல் கிடையாது.) அக்கா பெர்சிஸுக்குப் போடியில் மாப்பிள்ளை முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா ஞானமணி மாமா, ஏலக்காய் வியாபாரி. ஆறடி உயரம், அதற்குத் தகுந்த குரல். நன்றாகவே பாடுவார். எடுத்த பாட்டை விடத்தான் அவருக்கு மனசு வராது.

கல்யாணத்தை எந்த ஆலயத்தில் வைப்பது என்று இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் இழுபறி. அவர்கள் போடி என்றார்கள், நாங்கள் தேனி என்றோம். பேச்சு ஒரு கட்டத்தில் கொஞ்சம் சூடாகவே போனது. கடைசியில் மாமாதான் விட்டுக்கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனையோடு: ஆராதனைக்கு நடுவில் அவர் தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும்.

"பாடட்டும்," என்றார் அம்மா. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க பாரு ஜெனி. அந்தப் பாட்டுல மட்டும் ஒரு கொறையும் வந்துறக் கூடாது. மனுசன் ஊரையே விட்டுக்கொடுத்திருக்காக. நாளைக்கு உங்க அக்கா அங்கனதான் போய் வாழணும்," என்றார்.

என்னிடம் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆலயத்தில் கீபோர்டு வாசித்தவர் அந்த மாதம்தான் வேலை மாறி வெளியூர் போயிருந்தார். மதுரையிலிருந்து யாரையாவது அழைத்துவரலாம் என்று அப்பா சொன்னார். நான் சிரித்தேன். நான் அப்போது கோயம்புத்தூரில் பொறியியல் கடைசி வருடம். படித்தது என்னவோ சிவில். ஆனால் மூன்று வருடமாக விடுதி அறையில் நான் கட்டியதெல்லாம் பாட்டுதான். ஒரு மடிக்கணினி, இரண்டு மென்பொருள், ஒரு சின்னக் கீபோர்டு.

"ஆளெல்லாம் எதுக்குப்பா? ஆர்கன், வயலின், புல்லாங்குழல் எல்லாம் என் லேப்டாப்புக்குள்ள இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த இரண்டு மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலாவது பாட்டைக் கோத்து வைக்கிற மென்பொருள். எந்த இடத்தில் எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும்; ஆனால் அதன் சொந்த வாத்தியங்கள் காய்ச்சல் வந்த ஆள் மாதிரி முனகும். இரண்டாவது வெறும் வாத்தியங்கள் மட்டும் வைத்திருக்கிற மென்பொருள். அதில் ஆர்கனைத் தொட்டால் சுவர் அதிரும். ஆனால் அதற்குப் பாட்டைக் கோக்கத் தெரியாது. ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்தேன். எந்தக் கட்டையை எப்போது அமுக்க வேண்டும் என்ற தகவலை முதலாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒயர் வழியாக இரண்டாவதற்கு அனுப்பும். இரண்டாவது வாசிக்கும். வாசித்த சத்தம் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத ஒயர் வழியாக முதலாவதற்கே திரும்பி வரும். அங்கிருந்து வெளியே போகும்.

அந்தத் தகவலுக்கு மிடி என்று பெயர். இதை அம்மாவிடம் விளக்கப்போனது என் தவறு.

"மிடியா? பாவாடையில்ல அது?"

"இது வேறம்மா. இது சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை அமுக்கணும்னு எழுதிக் குடுக்கிற சீட்டு மாதிரி."

"அப்ப சத்தம் எங்கன இருந்து வருது?"

"அது இன்னொரு வழியாத் திரும்பி வரும்."

அம்மா மடிக்கணினியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான இருக்கு? அப்புறம் எதுக்கு அது போயிட்டு, இது வந்துட்டு? நேராப் போனா ஆகாதா?"

"உங்களுக்குப் புரியாதும்மா," என்று மட்டும் சொன்னேன். (இருபத்திரண்டு வயதில் இது ஒரு முழுமையான விளக்கம்.)

முதல் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். நான் கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை அமுக்கினேன். முதல் மென்பொருள் அதை இரண்டாவதற்குச் சொன்னது. இரண்டாவது வாசித்ததோடு நிற்காமல், 'இப்படி ஒன்று வந்தது' என்று முதலாவதற்கே திருப்பிச் சொன்னது. முதலாவது அதை நான் புதிதாக அமுக்கியதாக எடுத்துக்கொண்டு மறுபடியும் இரண்டாவதற்கு அனுப்பியது. இப்படி இரண்டும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டதில், நான் தொட்ட ஒரு கட்டை கண் மூடித் திறப்பதற்குள் ஓராயிரம் கட்டையாகி, வீடு முழுக்க ஒரே அலறல். எதிர்வீட்டுக்காரர் பனியனோடு தெருவுக்கு வந்துவிட்டார். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "எவன்டா லாரியை வீட்டுக்குள்ள விட்டது?" என்றார்.

நான் பதறவில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து, திரும்பி வருகிற வழியில் இருந்த ஒரே ஒரு 'டிக்' குறியை எடுத்தேன். சத்தம் நின்றது. ஒரு டிக்கில் இவ்வளவு பெரிய சிக்கலைத் தீர்த்தவளுக்கு இனி என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னுடைய பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாமாவும் அத்தையும் போடியிலிருந்து இரண்டு நாள் ஒத்திகைக்கு வந்தார்கள். அத்தை என்றால் மாமாவின் மனைவி. அதிகம் பேசமாட்டார், முன் வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருப்பார், பாட்டு முடியும் நேரத்தில் அதனால் கண்ணைத் துடைப்பார். பேட் டிரம் வாசிக்க ஸ்டீபன் அத்தான் வந்திருந்தார். அப்பா வழியில் என் சொந்த அத்தை மகன், பழனிசெட்டிபட்டியில் மருந்துக்கடை, பொறுமைக்குப் பேர் போனவர். அந்தப் பொறுமை ஒத்திகையின் இருபதாவது நிமிடத்தில் தீர்ந்துவிட்டது.

மாமா பாடியது ஒரு பழைய கீர்த்தனை; பல்லவி திரும்பும்போது மட்டும் அம்மாவின் பாடகர் குழு கூடப் பாடும். பாட ஆரம்பிக்கும் முன் மைக்கை இரண்டு முறை தட்டுவார். மூன்று முறை தொண்டையைச் செருமுவார். அதற்குப் பிறகு எப்போது தொடங்குவார் என்பது அவருக்கே தெரியாது. இரண்டாவது அடியின் கடைசி எழுத்தைப் பிடித்தார் என்றால், நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். சரணத்தில் சுருதி மெல்ல இறங்கும். கடைசி வரியை மூன்று முறை பாடுவார். மனசுக்குப் பிடித்துப்போனால் நாலாவது முறையும் உண்டு.

"ஏத்தா ஜெனி," என்றார் ஸ்டீபன் அத்தான், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "மாமா எப்ப எடுப்பாக, எப்ப விடுவாகன்னு யாராச்சும் என் காதுக்குள்ள சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் நான் அடிக்க முடியும்."

அந்த வாக்கியம் என் மூளையில் ஒரு பல்பைப் போட்டது. பெரிய கச்சேரிகளில் இப்படித்தான் செய்கிறார்கள். தாளத்துக்கு 'டிக் டிக்' என்று ஒரு சத்தமும், அடுத்து என்ன வரும் என்று சொல்ல ஒரு குரலும், வாசிப்பவர்களின் ஹெட்போனுக்கு மட்டும் போகும். கூட்டத்துக்குக் கேட்காது. என்னிடம் ஒரு சின்ன ஒலிப்பெட்டி இருந்தது. மடிக்கணினியோடு இணைத்தால் சத்தத்தை இரண்டு வழியாகப் பிரித்து வெளியே விடும். ஒன்றாவது வழியை ஆலயத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். அதில் இசை மட்டும். இரண்டாவது வழியை எனக்கும் அத்தானுக்கும் ஆளுக்கொரு ஹெட்போனாகக் கொடுத்தேன். அதில் தாளமும் என் குரலும்.

ஒத்திகையைச் செல்போனில் பதிவு செய்து, மாமா எங்கே எவ்வளவு நேரம் இழுக்கிறார் என்று அளந்து, அத்தனை இடைவெளியையும் பாட்டுக்குள் விட்டேன். மாமா இழுக்கும்போது ஆர்கனும் பொறுமையாக இழுத்துக்கொண்டே நிற்கும்; அவர் சுருதி இறங்கும் இடத்தில் வயலின்களும் அரைச் சுரம் இறங்கும். பிறகு என் அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து குரலைப் பதிவு செய்தேன். முதல் இரண்டு குறிப்பு கண்ணியமாகத்தான் இருந்தது. மூன்றாவதிலிருந்து எனக்குள் இருந்த நகைச்சுவை எழுத்தாளர் விழித்துக்கொண்டார். கேட்கப்போவது நானும் அத்தானும்தானே. மறுநாள் அவருக்குப் போட்டுக் காட்டியபோது, கடை மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு கலைஞருக்கு வேறென்ன வேண்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் முன்யோசனைக்காரி. ஒருவேளை ஒலிப்பெட்டி நடுவில் செத்துப்போனால்? அதற்காக மடிக்கணினியின் சொந்தத் துளையிலிருந்தும் ஒரு ஒயரை இழுத்து, ஸ்பீக்கருக்குப் போகும் சத்தமெல்லாம் சேர்கிற ஆலயத்து மிக்சரில் சொருகி, அதன் குமிழையும் ஏற்றி வைத்தேன். பெட்டி போனாலும் பாட்டு நிற்காது. இந்த ஒயரை மட்டும் நான் சொருகாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

கல்யாணம் காலை பத்து மணிக்கு. போடியிலிருந்து வந்தவர்கள் ஏலக்காய் மாலையோடு வந்து இறங்கியதில் ஆலயமே மணத்தது. அக்கா உள்ளே நடந்து வரும்போது ஆர்கனும் வயலினும் ஒன்றாக எழுந்தன. கூட்டம் திரும்பி, 'யார் வாசிக்கிறது' என்று பார்த்தது. நான் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு அடக்கமாகத் தலையை ஆட்டினேன். அடுத்த பாட்டும் அப்படியே போனது. பாடகர் குழுவிலிருந்து அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அம்மா அப்படிப் புன்னகைப்பது அபூர்வம். அன்றைக்கு அதுதான் கடைசி.

பிறகு போதகர் பிரசங்கத்துக்கு எழுந்தார். அரை மணி நேரம். அந்த நேரத்தில் வீடியோக்காரர் விளக்கு போட ஒரு பிளக் தேடினார். என் பாட்டுப்புத்தகங்களுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அதில் ஏற்கெனவே சொருகியிருந்த சின்ன அடாப்டரைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, விளக்கைச் சொருகிவிட்டுப் போய்விட்டார். அது என் ஒலிப்பெட்டியின் அடாப்டர்.

மடிக்கணினித் திரையில் ஒரு கட்டம் வந்தது. நீங்கள் சொன்ன பெட்டியைக் காணவில்லை, இருக்கிறதை வைத்துச் சமாளித்துக்கொள்ளட்டுமா என்பது அதன் சாரம். இதை நான் மறுநாள்தான் படித்தேன். அன்றைக்கு, 'இது என்னடா நடுவில்' என்று 'சரி'யைத் தட்டினேன். அந்தத் தட்டில் இரண்டு வழிகளும் ஒரே வழியாகச் சுருங்கின. இசை, தாளம், என் குரல் எல்லாம் சேர்ந்து, நான் முன்யோசனையோடு சொருகிய ஒயருக்குள் புகுந்து, ஆலயத்து ஸ்பீக்கருக்குப் போக ஆயத்தமாக நின்றன.

போதகர் உட்கார்ந்தார். மாமா எழுந்தார். பட்டு வேட்டி, சட்டை, கழுத்தில் ஏலக்காய் மாலை. நான் பாட்டைத் தொடங்கினேன்.

இனி நடந்ததில் பாதியைப் பின்னால் கல்யாண வீடியோவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் காதில் இருந்தது காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன்.

முதலில் ஆலயம் முழுக்க 'டிக், டிக், டிக்' என்று கேட்டது. போதகர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அடுத்து என் குரல், நான்கு மூலையிலிருந்தும்:

"ரெடி அத்தான். மாமா எந்திரிச்சாச்சு. மைக்கை ரெண்டு தட்டுத் தட்டுவாக, கண்டுக்காதீக."

மாமாவின் கை அப்போது மைக்கின் மேல் இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருந்தார். இரண்டாவது தட்டு பாதியில் நின்றது.

"இப்ப தொண்டையைச் செருமுவாக. மூணு தடவ. மூணாவதுக்குப் பொறகுதான் பாட்டு."

அவருக்கு உண்மையிலேயே செருமல் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. முன் வரிசைகளில் பாட்டுப்புத்தகங்கள் ஒவ்வொன்றாக முகத்துக்கு நேராக உயர்ந்தன.

என் ஹெட்போனில் எதுவும் இல்லை. எங்கேயோ தூரத்தில் என் குரல் லேசாகக் கேட்டது, அவ்வளவுதான். சத்தம் குறைவாக இருக்கிறது என்று முடிவு செய்து, குரலின் அளவைக் கொஞ்சம் ஏற்றினேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," என்றது ஆலயம்.

இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாமா வாழ்க்கையில் முதல் முறையாகச் சரியான இடத்தில் பாட்டை எடுத்தார். மனிதருக்குக் கோபம். 'இவள் யார் எனக்குச் சொல்ல' என்ற கோபத்தில் ஒரு எழுத்துகூட இழுக்காமல், தாளம் தப்பாமல் பாடிக்கொண்டு போனார். இரண்டாவது அடியின் முடிவு வந்தது.

"இழுக்கிறாக. விட்ருங்க. போடி மெட்டு வரைக்கும் போயிட்டுத்தான் திரும்புவாக. நாம அவசரப்படாம இங்கனயே நிப்போம்."

(மரியாதையில் நான் ஒரு இடத்திலும் குறை வைக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.)

ஆனால் மாமா இழுக்கவில்லை. அவர் பாட்டுக்கு மூன்றாவது அடிக்குப் போய்விட்டார். இழுப்பார் என்று நம்பி நான் இடைவெளி விட்டு வைத்திருந்த ஆர்கன் மட்டும் அவர் இல்லாமலே, போடிக்கு மேலே வளைவு வளைவாக ஏறுகிற மலைப்பாதையில், போடி மெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டீபன் அத்தான் ஹெட்போனில் ஒன்றும் கேட்காததால் அதைக் கழற்றினார். கழற்றியதும் அவருக்கு எல்லாம் கேட்டது. என்னைப் பார்த்துக் கையை மேலே காட்டினார். ஸ்பீக்கரைத்தான் காட்டினார். நான் 'இன்னும் ஏத்து' என்று புரிந்துகொண்டேன். ஏற்றினேன். அவர் இரண்டு கையையும் மேலே வீசினார். முழுசாக ஏற்றிவிட்டேன்.

"அடுத்து ஆல்டோ வரிசை. அம்மா எல்லாருக்கும் முந்திப் பாடுவாக. அவுக பின்னாடி போயிறாதீக, சோப்ரானோவைப் பிடிச்சுக்கோங்க."

வாயைத் திறந்த அம்மா அப்படியே மூடிக்கொண்டார். பெண்களில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசையில் இருந்த ஆறு பேரும் மூடிக்கொண்டார்கள். வீடியோவில் இந்த இடத்தில் அக்காவின் முக்காடு குலுங்குவது தெரியும். மாப்பிள்ளை டேனியல் அத்தான், சிரிக்கவே தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், தன் பொத்தானைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இப்ப சுருதி எறங்கும். நாமளும் கூட எறங்கிக்கிருவோம். மாமாவை ஏத்துறது நம்மளால ஆகாது."

சுருதி இறங்கவில்லை. மாமா பாறை மாதிரி நின்றார். சொல்லி வைத்தபடி என் வயலின்கள் மட்டும் அரைச் சுரம் இறங்கிப் போயின. மாமா மேலே, வயலின் கீழே, ஆர்கன் எங்கேயோ மலைப்பாதையில். அடுத்து வந்ததுதான் நான் எழுதியதிலேயே சிறந்தது என்று நான் பெருமைப்பட்ட வரி:

"முன்னாடி அத்தை கண்ணைத் தொடைப்பாக. உருகிட்டாகன்னு நினைக்காதீக. பாட்டு முடியப்போகுதுங்கிற சந்தோசம்."

அத்தையின் கையில் கைக்குட்டை இருந்தது. அது கண்ணுக்கு அருகில் இருந்தது.

அப்போதுதான் நான் தற்செயலாக அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை விவரிக்க எனக்குத் திறமை போதாது. ஹெட்போனைக் கழற்றினேன். கழற்றிய காதில், ஆலயமே அதிர என் குரல் சொன்னது: "கடைசி வரி. இதையே மூணு தடவ பாடுவாக. நாலாவது ஆரம்பிச்சா சத்தத்தைக் கொறைச்சு விட்ருவோம்."

நான் முதல் மென்பொருளை ஒரே அடியாக மூடினேன். எல்லாம் நின்றது. அந்த அமைதியில் யாரோ ஒருவர் அடக்கிய சிரிப்பு மூக்கு வழியாக வெளியே வந்தது.

இத்தோடு விட்டிருந்தால்கூட ஓரளவு மானம் மிஞ்சியிருக்கும். ஆனால் பாட்டு பாதியில் நிற்கக் கூடாதே. இரண்டாவது மென்பொருள் உயிரோடுதானே இருக்கிறது, அதை நேராக ஸ்பீக்கருக்குத் திருப்பிவிட்டுக் கையால் வாசித்தால் போயிற்று என்று தோன்றியது. (அம்மா அன்று சொன்ன அதே 'நேராப் போனா ஆகாதா'தான்.) திருப்பினேன். கட்டையைத் தொடுவதற்கு முன்பே ஆர்கன் ஐந்து சுரத்தில் ஒன்றாக அலறியது. நான் முதலாவதை மூடிய நொடியில் அது ஆர்கனின் ஐந்து கட்டைகளை அமுக்கச் சொல்லியிருந்தது. விடச் சொல்வதற்குள் நான் மூடிவிட்டேன். விடு என்று சொல்ல ஆள் இல்லாததால் ஆர்கன் விடவில்லை. எந்தக் கட்டையைத் தட்டியும் நிற்கவில்லை. முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை அதற்குச் சமமாக அழ ஆரம்பித்தது. கடைசியில் ஸ்டீபன் அத்தான் எழுந்து போய் மிக்சரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் வாழ்க்கை முடிந்தது, போடிக்காரர்கள் இப்போதே எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மாமா மைக்கின் முன்னால் அசையாமல் நின்றிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார். இந்த முறை வேண்டுமென்றே, நிதானமாக, மூன்று தடவை. கூட்டம் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. போதகரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும் வரை மாமா காத்திருந்தார். பிறகு எந்த இசையும் இல்லாமல் கடைசி வரியைப் பாடினார். அப்படி ஒரு குரலுக்கு என் மடிக்கணினி தேவையே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு முறை பாடினார். இரண்டு முறை. மூன்று முறை. பிறகு தலையைத் திருப்பி, கீபோர்டு பக்கம் நின்ற என்னை நேராகப் பார்த்துவிட்டு, நாலாவது முறை ஆரம்பித்தார். ஆலயம் மொத்தமும் கூடப் பாடியது. அம்மாவும் பாடினார். எல்லோருக்கும் முந்தித்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் நான் பிரியாணி வாளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாமா, அத்தை முன்னால் நிறுத்தினார். மன்னிப்பு வசனம் தயாராக வைத்திருந்தேன்.

அத்தைதான் முதலில் பேசினார். "இருவத்தெட்டு வருசமா இவுக பாட்டுக்கு நான் எதுக்குக் கண்ணைத் தொடைக்கிறேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நீ எப்படித்தா கண்டுபிடிச்ச?"

மாமா எலும்பைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "சும்மா இரு. நான் ஒண்ணு கேக்கணும்," என்றவர் என் பக்கம் திரும்பினார். "போடி மெட்டு வரைக்கும் போறேன்னு சொன்னில்ல?"

"மாமா, அது வந்து..."

"எத்தனாவது வளைவுல திரும்பணும்?"

எனக்குப் புரியவில்லை. கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கிண்டல் செய்யவில்லை.

"நானும் சின்ன வயசுல இருந்து பாடுறேன். முடிச்சதும் வந்து நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிருவாக. எங்கன இழுத்தேன், எங்கன எறங்குனேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. இன்னைக்கு நீ நாலு எண்ணுன பாரு, அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது, பாட்டை இங்கன எடுக்கணும்னு. சொல்லு. எத்தனாவது வளைவு?"

கொஞ்சம் யோசித்தேன். என் தன்னம்பிக்கை எங்கேயோ ஒரு மூலையில் தலையைத் தூக்குவது தெரிந்தது.

"மூணாவது வளைவுல திரும்பிட்டா நல்லா இருக்கும் மாமா."

"மூணு. சரி," என்று சொல்லிவிட்டு எலும்பை மறுபடி எடுத்துக்கொண்டார். அம்மா என் கையை விட்டார். விட்ட இடத்தில் விரல் பதிந்திருந்தது, இரண்டு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு மாமா எந்த விசேஷத்தில் பாடினாலும் முந்தைய வாரமே அதைப் பாடி எனக்கு அனுப்பிவிடுவார். நான் கேட்டு, எங்கே எடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று குரலில் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணியமாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அன்னைக்குச் சொன்னாப்புல சொல்லுத்தா," என்பார். இப்போது நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். என் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் பாடுகிறார். பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று மூன்று முறை அவரே போய்ப் பார்க்கிறார்.

இரண்டு குடும்பத்துக்கும் இதிலிருந்து ஒரு வழக்கமும் வந்து சேர்ந்தது. யாராவது யாரைப் பற்றியாவது குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர், "அவுட்டு எங்கன போகுதுன்னு பாத்துக்கிட்டீகளா?" என்று கேட்பார். (அவுட்டு என்றால் சத்தம் வெளியே போகிற வழி.) அடுப்படியில் அம்மா கேட்பார், கடையில் அப்பா கேட்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகும்போது வாசலில் ஏதோ குசுகுசுத்தார்கள். அதற்கும் உள்ளேயிருந்து அத்தை இதையே கேட்டார். (அந்தக் குசுகுசுப்பு நல்லவிதமாகத்தான் இருந்திருக்கிறது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.)

போன மாதம் அக்காவின் இரண்டாவது குழந்தைக்கு ஞானஸ்நானம். மாமா பாடுவதாக ஏற்பாடு. நான் கோயம்புத்தூரில் இருந்தபடி அவரோடு வீடியோ அழைப்பில் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்தேன். முடிந்ததும், "சரித்தா, வச்சிர்றேன்," என்று சொல்லிவிட்டு மாமா போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். நானும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

அக்காவிடம் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பிள்ளை காதுல பேசலைன்னா எனக்கு இப்பல்லாம் ஒரு வரி பாட முடிய மாட்டேங்குது பெர்சி. அவகிட்ட இதைச் சொல்லிறாத. ஏற்கெனவே அவளுக்குத் தலைக்கனம் சாஸ்தி."

தூரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவுட்டு எங்கன போகுதுன்னு பாத்துக்கிட்டீகளா?"

மேசையிலிருந்து போன் மெல்ல நிமிர்ந்தது. திரை முழுக்க மாமாவின் முகம்.

"கேட்டுட்டியாத்தா?"

"கேட்டுட்டேன் மாமா."

"சரி. ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு. வந்து சேரு," என்றார். இந்த முறை பட்டனைத் தேடி, பார்த்து, அமுக்கினார்.

அவர் சொன்ன தலைக்கனம் அன்று இன்னும் ஒரு சுற்று கூடியது. மறைக்க விரும்பவில்லை.